காரை லீசுக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா? பாளையங்கோட்டைக் குடும்பம் ஒன்றின் கணக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் மனைவி, குழந்தையுடன் வசித்து, சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறீர்கள். ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். அப்பாவும் அம்மாவும் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார்கள். அம்மாவை மாதம் ஒருமுறை திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஷோரூம் விலை 8 லட்சம் உள்ள ஒரு காரை, ஐந்து ஆண்டு லீசில், மாதம் 21,000 ரூபாய்க்கு உங்கள் நிறுவனம் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறது. காப்பீடும் சர்வீசும் அந்தத் தொகைக்குள் அடக்கம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் வரை ஓட்டலாம். இன்னொரு பக்கம் வங்கி 9 சதவீத வட்டியில் கடன் தர அணியமாக இருக்கிறது. “ஒத்திக்கு வீடு எடுத்தாலாவது கொடுத்த பணம் திரும்ப வரும், இதில் என்ன வரும்?” என்று உங்கள் அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வங்கியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாகனக் கடன் மேசையில் இருந்தவன் என்ற முறையில், உங்கள் அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

நம் பக்கத்தில் ‘லீஸ்’ என்றதும் மனத்தில் எழுவது வீட்டு ஒத்திதான். ஐந்து லட்சம் கொடுத்து, மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும் நாளில் அந்த ஐந்து லட்சத்தை அப்படியே எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பது ஒத்தி. கார் லீஸ் அப்படிப்பட்டதன்று. அதை வயலைப் பாட்டத்துக்கு எடுப்பதோடு ஒப்பிடுவதே பொருந்தும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பாட்டம் கொடுத்தாக வேண்டும், எத்தனை போகம் உழுதாலும் வயல் உழுதவருக்குச் சொந்தமாகாது. அதுபோலவே, கார் ஓடினாலும் கொட்டகையில் நின்றாலும் மாதம் 21,000 ரூபாய் போய்க்கொண்டிருக்கும், அறுபதாவது மாதம் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கையில் எதுவும் மிஞ்சாது. இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு எடுப்பவருக்கு லீஸ் தவறானதன்று.

இந்தச் சொற்குழப்பத்தைப் பயன்படுத்தி ஏமாற்றும் ஒரு வழக்கம் நம் ஊர்களில் இருப்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து, “பணத்தைத் திருப்பித் தரும்வரை என் காரை நீங்கள் ஓட்டிக்கொள்ளுங்கள்” என்ற வாய்ப்பேச்சின்பேரில் காரை எடுத்துக்கொள்வதைச் சிலர் கார் ஒத்தி என்றே அழைக்கிறார்கள். நான் பணியில் இருந்தபோது, களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் இப்படி எடுத்த காருடைய ஆர்.சி. புத்தகத்தின் நகலோடு என் மேசைக்கு வந்தார். அதில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் தெளிவாகப் பதிவாகியிருந்தது. உரிமையாளர் ஏழு தவணைகள் கட்டாமல் விட்டிருந்ததால், திருமண வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரை நிறுவனத்தார் எடுத்துச் சென்றுவிட்டார்கள். அவர் கொடுத்த இரண்டு லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கடன் பாக்கியுள்ள காரை இன்னொருவருக்கு ஒத்தி வைக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கே கிடையாது. வெள்ளை போர்டு காரை மாத வாடகைக்கு வாங்கி ஓட்டுவதும் இதே குழிதான், ஏனென்றால் விபத்து நேர்ந்தால், வாடகைக்கு விடப்பட்ட சொந்த உபயோக வண்டி என்ற காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முடியும்.

இனி உங்கள் நிறுவனம் சொல்லும் முறையான லீசுக்கு வருகிறேன். மாதம் 21,000 என்ற தொகைக்குள் கார் ஐந்து ஆண்டுகளில் இழக்கப்போகும் மதிப்பு, அதற்காக முடக்கிய பணத்துக்கு வட்டி, சாலை வரி, காப்பீடு, சர்வீஸ், லீஸ் நிறுவனத்தின் இலாபம், இவற்றோடு ஜி.எஸ்.டி. என எல்லாம் அடங்கியிருக்கின்றன. இவற்றுள் மதிப்பிழப்பு என்பது லீசில் எடுத்தாலும் சொந்தமாக வாங்கினாலும் உங்கள் தலையில்தான் விழும். காப்பீட்டில் ஐ.டி.வி. எனப்படும், கார் முழுமையாக அழிந்தால் தரும் மதிப்பைக் கணக்கிட வகுத்திருக்கும் அட்டவணையே இதற்கு ஒரு கண்ணாடி. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 சதவீதம் என்று அது கழிக்கிறது. சந்தை விலை இதையொட்டியே இருக்கும் என்று சொல்ல முடியாது, நன்றாக விற்கும் மாடல் கூடுதலாகவும் விற்காத மாடல் குறைவாகவும் போகும். ஆனாலும் ஐந்து ஆண்டில் ஏறத்தாழப் பாதி கரைந்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், லீஸ் நிறுவனம் உங்களிடம் எதை வசூலிக்கிறது என்பது விளங்கிவிடும்.

சொந்தமாக வாங்கினால் ஆகும் செலவைப் பார்ப்போம். ஷோரூம் விலை 8,00,000. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட ஆயுள்கால வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம், ஆகவே 1,04,000. காப்பீடு, பதிவு எல்லாம் சேர்த்து 46,000 என்று வைத்தால் ஆன்-ரோடு விலை 9,50,000 ஆகிறது. (10 லட்சத்தைத் தாண்டினால் வரி 18 சதவீதமாக ஏறிவிடும் என்பதால், 9,90,000 ரூபாய் மாடலுக்கும் 10,20,000 ரூபாய் மாடலுக்கும் ஷோரூமில் தெரியும் வித்தியாசம் சாலைக்கு வரும்போது ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். விற்பனையாளர் தானாக இதைச் சொல்லமாட்டார்.) கையிலிருந்து 2,50,000 போட்டு, 7,00,000 கடனை 9 சதவீதத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை 14,531. அறுபது தவணையில் 8,71,860 கட்டுவீர்கள். இரண்டாம் ஆண்டு முதல் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 25,000 வீதம் ஒரு லட்சம், சர்வீஸ், டயர், பேட்டரிக்கு ஐந்து ஆண்டுகளில் 70,000 என்று சேர்த்தால் மொத்தம் 12,91,860. ஐந்தாம் ஆண்டு இறுதியில் கார் 3,50,000 ரூபாய்க்குப் போகும் என்று அடக்கமாகவே எடுத்துக்கொள்கிறேன். மிச்சச் செலவு 9,41,860. முன்பணமாகப் போட்ட இரண்டரை லட்சத்தை 7 சதவீத வைப்பில் விட்டிருந்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டி வந்திருக்கும் என்பதால் அந்த இழப்பையும் சேர்க்க வேண்டும். ஆக, 10,42,000 அளவில் நிற்கிறது. லீசுக்கு அறுபது மாதங்களில் கட்டுவது 12,60,000. வித்தியாசம் 2,18,000.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் அது நேர்மையான கணக்காகாது, ஏனென்றால் நிறுவனத்தின் வழியாக எடுக்கும் லீசுக்கு வருமான வரிச் சலுகை உண்டு. லீஸ் தொகை சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே கழிக்கப்பட்டு, காரைச் சொந்த உபயோகத்துக்கும் பயன்படுத்துவதற்காக விதிப்படி ஒரு சிறு தொகை மட்டுமே உங்கள் வருமானத்தில் சேர்க்கப்படுகிறது. புதிய வரி முறையிலும் இது செல்லும். 2025-26 நிதியாண்டின் விகிதப்படி, உங்கள் 18 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போக 17,25,000 வரிக்குரியது. ஆண்டு லீஸ் தொகை 2,52,000 கழியும்போது, அதில் 1,25,000 இருபது சதவீத அடுக்கிலிருந்தும், மீதி 1,27,000 பதினைந்து சதவீத அடுக்கிலிருந்தும் குறைகிறது. கூடுதல் தீர்வையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 45,800 ரூபாய் வரி மிச்சம். சேர்க்கப்படும் அந்தச் சிறு தொகைக்கான வரியைக் கழித்தால், ஐந்து ஆண்டுகளில் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் வரை மிச்சமாகும். அதாவது சொந்தக் காருக்கும் லீசுக்கும் இருந்த 2,18,000 வித்தியாசம் பெருமளவு அழிந்துவிடுகிறது. உங்கள் சம்பளம் 30 லட்சமாக இருந்திருந்தால் வரி மிச்சம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகி லீசே மலிவாகியிருக்கும். அதேபோல, சம்பளம் 12,75,000 வரை உள்ளவருக்குப் புதிய முறையில் வரியே இல்லை என்பதால், லீசினால் அவருக்கு ஒரு காசு வரியும் மிச்சமில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் உங்கள் உடன்பணியாளர்கள் லீசைப் புகழ்வது பொய்யில்லை. அவரவர் வரி அடுக்கு வேறு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்தாண்டுக் கணக்கில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்று ஆனபின், முடிவைத் தீர்மானிப்பது நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன கிலோமீட்டர் விஷயம். “நான் அதிகம் ஓட்டுவதில்லை, 12,000 தாராளம்” என்று எழுதியிருந்தீர்கள். கூட்டிப் பார்த்தீர்களா? அம்பாசமுத்திரம் போய்வர 75 கிலோமீட்டர். வாரம் இரண்டு முறை என்று நீங்களே சொல்கிறீர்கள், ஆண்டுக்கு 7,800. திருவனந்தபுரம் போய்வர 300, மாதம் ஒருமுறை என்றால் 3,600. ஊருக்குள், பள்ளிக்கூடம், ஹைகிரவுண்ட், மார்க்கெட், ஜங்ஷன் என்று நாளுக்குப் பத்து கிலோமீட்டர் என ஆண்டுக்கு முந்நூறு நாள் வைத்தாலும் 3,000. திருச்செந்தூர், குற்றாலச் சாரல், மாமனார் வீட்டுக் கோயில் கொடை என்று ஓர் ஆயிரம். மொத்தம் 15,400. வரம்பைவிட 3,400 கூடுதல். ஒப்பந்தத்தில் கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். எட்டு ரூபாய் என்றால்கூட ஆண்டுக்கு 27,200, ஐந்து ஆண்டுக்கு 1,36,000. சொந்தக் காரும் கூடுதலாக ஓடினால் விற்பனை விலையில் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அது கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய் என்ற அளவில் குறைவதில்லை. பெருநகரத்தில் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக ஓடும் காரை மனத்தில் வைத்து வகுத்த வரம்பு, ஆற்றங்கரை ஊர்களில் பெற்றோரும் கடலோரத்தில் குலதெய்வமும் மலையாளச் சீமையில் மருத்துவமும் என்று பரந்து வாழும் நம் குடும்பங்களுக்குப் போதாது.

அடுத்தது காரைத் திருப்பிக் கொடுக்கும் நாள். என் தம்பி மகன் மூன்றாண்டு லீஸ் முடிந்து கார் ஒப்படைத்தபோது நான் உடனிருந்தேன். வந்தவர் முதலில் காரைக் கழுவச் சொன்னார், நிழலிலிருந்து வெயிலுக்கு எடுத்து நிறுத்தச் சொன்னார். பிறகு கைபேசி அளவில் இருந்த ஒரு கருவியைக் கதவு, பானெட், கூரை என்று ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பெயின்ட் கனத்தை அளந்தார். மறுபெயின்ட் அடித்த இடம் எண்ணில் காட்டிக்கொடுத்துவிடும். இடதுபுறக் கதவுகள் இரண்டிலும் கீற்றுக் கீற்றாக மெல்லிய கோடுகள் இருந்தன. திசையன்விளைக்கு அப்பால் தேரி மண் பாதையில் எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கியபோது உடைமுள் இழுத்த கோடுகள் அவை. நமக்கு அவை பாலிஷ் போட்டால் போய்விடும் கீறல். அவருடைய படிவத்தில் அவை இரண்டு தகடு, தகட்டுக்கு இவ்வளவு. இயல்பான தேய்மானம் எது, சேதம் எது என்பதை முடிவு செய்யும் பொறுப்பு ஒப்பந்தப்படி அவர்களிடமே இருந்ததால், வாதாட இடமிருக்கவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் ‘நியாயமான தேய்மானம்’ என்பதற்கு எழுத்தில் விளக்கம் இருக்கிறதா, எத்தனை சென்டிமீட்டர் கீறல் வரை கணக்கில் வராது என்று சொல்லியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அந்த இடத்தில் உங்கள் பணத்துக்குக் காவல் இல்லை. கடலோர ஊர்களுக்கு அடிக்கடி போகும் கார் என்றால் உப்புக்காற்றில் அடிப்பாகம் துருவேறும், அதையும் அவர்கள் பார்ப்பார்கள்.

காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறந்துவிட முடியாது. தாமிரபரணி கரைமீறி ஜங்ஷன் பேருந்து நிலையம்வரை வந்த அந்த நாள்களில், தெருவில் நின்ற கார்கள் கூரைமட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும், கார் ஓடுகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டுச் சாவியைத் திருகியவர்கள் பலர். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது இன்ஜினைச் சுழற்றினால், தண்ணீரை அமுக்க முடியாத பிஸ்டன், கனெக்டிங் ராடை வளைத்துவிடும். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இல்லாத சாதாரணப் பாலிசியில் அந்தச் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது கடினம், வெள்ளத்தின் நேரடி விளைவாக அதைக் கருதமாட்டார்கள். சொந்தக் காருக்கு இந்தப் பிரிவையும், கார் முழுமையாக அழிந்தால் பில் தொகையையே தரும் பிரிவையும் நீங்களே கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். லீஸ் காரில் பாலிசியைத் தேர்ந்தெடுப்பது அவர்கள். கார் வெள்ளத்தில் போய்விட்டால் காப்பீட்டுத் தொகைக்கும் லீஸ் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். இன்னொன்று, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டில் 50 சதவீதம் வரை வளரும், அது காரைச் சேராமல் பாலிசி எடுத்தவரைச் சேரும். லீஸ் நிறுவனத்தின் பெயரில் பாலிசி இருந்தால், ஐந்து ஆண்டுகள் கண்ணும் கருத்துமாக ஓட்டிய உங்கள் பெயரில் ஒன்றும் சேர்ந்திராது.

பொறுப்பு மட்டும் உங்களுடையது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30), லீஸ் ஒப்பந்தத்தில் உள்ள வாகனத்துக்கு யார் கையில் வண்டி இருக்கிறதோ அவரையே ‘உரிமையாளர்’ என்று வரையறுக்கிறது. நிறுவனத்தின் பெயரில் இருக்கும் கார்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது. போர்டைப் பற்றியும் கேளுங்கள். நிறுவன லீசில் பொதுவாக வெள்ளை போர்டே வரும். வாடகைக் கார் வகையில் பதிவான, கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வண்டியைத் தருவார்களானால், மாதாமாதம் களியக்காவிளையோ புளியரையோ தாண்டிக் கேரளத்துக்குள் நுழையும் உங்களுக்கு அனுமதிச் சீட்டு, வரி என்று தொல்லை கூடும். கார் வேறு மாநிலப் பதிவாக இருந்தால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கும்போது மறுபதிவு செய்ய வேண்டியிருக்கும், அந்தச் செலவை யார் ஏற்பது என்பதும் எழுத்தில் வேண்டும்.

வேலை மாறினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் என் பார்வையில் உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய இடர் இதுதான். நிறுவன லீஸ் உங்கள் வேலையோடு கட்டப்பட்டது. இரண்டாவது ஆண்டில் நீங்கள் வேறு நிறுவனத்துக்குப் போனாலோ, நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தாலோ, மீதித் தொகையை மொத்தமாகக் கட்டிக் காரை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது முன்கூட்டியே முடிப்பதற்கான தொகையைக் கட்டித் திருப்பித் தர வேண்டும். வேலை போன மாதத்திலேயே காரும் போய், அதற்கு மேல் பணமும் கட்டுவது என்பது எந்தக் குடும்பத்துக்கும் தாங்காது. கடனில் வாங்கிய காருக்கு, வேலை போனாலும் சேமிப்பிலிருந்து ஆறு மாதம் தவணை கட்டலாம், இயலாவிட்டால் விற்றுக் கடனை அடைத்து மீதியைக் கையில் வாங்கலாம். அம்மாவை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் கார், உங்கள் வேலையின் தயவில் நிற்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

ஆறாம் ஆண்டிலிருந்து வரும் கணக்கையும் பாருங்கள், ஏனென்றால் நம் ஊரில் காரை ஐந்து ஆண்டில் விற்பவர்கள் குறைவு. தவணை முடிந்த காருக்குக் காப்பீடும் சர்வீசுமாக ஆண்டுக்கு 50,000 போதும். பத்தாம் ஆண்டு முடிவில் ஒன்றரை லட்சத்துக்கு விற்றாலும், பத்தாண்டுச் செலவு 13,91,860, முன்பணத்தின் பத்தாண்டு வட்டியையும் சேர்த்தால் 16,34,000 அளவில் வரும். லீசில் தொடர்ந்தால், வாடகை ஒரு ரூபாய்கூட ஏறாது என்று வைத்தாலும் 25,20,000. வரி மிச்சத்தை நான்கு லட்சம் என்று தாராளமாகக் கழித்தாலும், கிலோமீட்டர் அபராதத்தைச் சேர்க்காமலேயே நான்கரை லட்சத்துக்குக் குறையாத வித்தியாசம் இருக்கிறது. பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும் காரைப் பத்தாண்டு வைத்திருக்கும் மனம் உங்களுக்கு இருந்தால், இந்தக் கணக்கை வேறெதுவும் மாற்ற முடியாது.

அப்படியானால் லீஸ் யாருக்குப் பொருந்தும் என்று கேட்பீர்கள். கூடங்குளத்திலோ மகேந்திரகிரியிலோ இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தப் பணிக்கு வடக்கிலிருந்து வரும் பொறியாளருக்குப் பொருந்தும். மாற்றல் நிச்சயம் என்று தெரிந்த அதிகாரிக்கும், முப்பது சதவீத அடுக்கில் வரி கட்டுபவருக்கும் பொருந்தும். தொழில் செய்பவர் லீஸ் வாடகையை முழுமையாகச் செலவுக் கணக்கில் காட்டலாம், சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம்தான் காட்ட முடியும். மின்சாரக் காரிலும் லீசுக்கு ஒரு நியாயம் உண்டு. ஐந்து ஆண்டு ஓடிய பேட்டரிக்குப் பழைய கார்ச் சந்தை என்ன விலை வைக்கும் என்பது இன்னும் நிலைபெறாததால், அந்த இடரை லீஸ் நிறுவனத்தின் தோளில் விட்டுவிடலாம். 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. விண்ட்சர், காரைச் சொந்தமாகவும் பேட்டரியைக் கிலோமீட்டர் வாடகைக்குமாகப் பிரித்து விற்றது இந்தத் தயக்கத்தை அறிந்துதான். ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் குறைவாக ஓட்டுபவர் லீசும் எடுக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். தெருமுனை ஸ்டாண்டில் நம்பகமான ஒரு மஞ்சள் போர்டுக்காரரின் எண்ணை வைத்துக்கொள்வது அவருக்குப் பாதிச் செலவில் முடியும். நீங்கள் அந்த நிலையில் இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது, சொந்தமாக வாங்குங்கள். முடிந்தால், ஒரே உரிமையாளரிடம் இருந்த மூன்றாண்டுக் காராகப் பாருங்கள். முதல் மூன்று ஆண்டின் மதிப்பிழப்பையும் ஆயுள்கால வரியையும் முதல் ஆள் சுமந்துவிட்டார் என்பதே அதன் இலாபம். பழைய காரைப் பார்க்கும்போது 2023 வெள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள், வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில் வண்டல் நிறக் கறை இருந்தால், மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது தண்ணீரில் நின்ற கார். ஸ்டெப்னி வைக்கும் குழியின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், இருக்கைக்குக் கீழுள்ள திருகுகளில் துரு பிடித்திருக்கிறதா என்று கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். கழுவுபவர்கள் அந்த இடங்களை விட்டுவிடுவார்கள்.

கடனில் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். வட்டி ‘ஃபிளாட்’டா, அதாவது முதலில் வாங்கிய முழுக் கடனுக்கும் கடைசிவரை போடுவதா, அல்லது குறையும் பாக்கிக்கா என்பது முதலாவது. அதே 7 லட்சத்துக்கு 9 சதவீத ஃபிளாட் என்றால் வட்டி 3,15,000, தவணை 16,917, உண்மையான வட்டி 16 சதவீதத்தை நெருங்கிவிடும். 9 என்ற எண்ணை மட்டும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தவர்களை என் மேசைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, தவணை குறைகிறது என்று ஏழு ஆண்டுக்குப் போகாதீர்கள். தவணை 11,262 ஆகக் குறையும், ஆனால் வட்டி ஐந்தாண்டுக் கடனைவிட 74,000 கூடும், கடைசி இரண்டு ஆண்டுகள் பழையதாகிவிட்ட காருக்குத் தவணையும் பழுதுச் செலவும் சேர்ந்தே வரும்.

கடன் முடிந்ததும் வங்கி ஒரு தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் தரும். அவற்றைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, எட்டாண்டு கழித்துக் காரை விற்கப் போகும்போது எடுத்து வருபவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தச் சான்றுக்குக் காலக்கெடு உண்டு, கெடு தாண்டினால் மறுபடியும் வங்கிக்கு நடக்க வேண்டும். கடைசித் தவணை கட்டிய அதே மாதத்தில், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அவற்றைக் கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கச் செய்து, உங்கள் பெயர் மட்டுமே உள்ள புதிய ஆர்.சி.யை வாங்கிவிடுங்கள். அதை உங்கள் அப்பாவிடம் ஒருமுறை காட்டுங்கள்.